சொல் மேகம் காட்டாதவை

தலைவர்களின் உரைகளை மேகத்திரள் போன்ற படமாக்கி நாளேடுகள் வெளியிடுவதைக் கண்டிருப்பீர்கள். பன்முறை வந்த சொல் பெரிதாகவும், அருகி வந்த சொல் சிறிதாகவும் அதில் அமையும். இதுவே ‘சொல் மேகம்’. 2008ஆம் ஆண்டில் ஜானத்தன் ஃபைன்பெர்க் உருவாக்கிய ‘வேர்டில்’ என்னும் கணினிச் செயலி இம்முறையைப் பெரிதும் பரப்பியது.

உரையின் பொருளை இப்படம் உணர்த்துமா? 1863 நவம்பர் 19 அன்று, கெட்டிஸ்பர்க் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய உரையைப் பார்ப்போம். ஏறத்தாழ 270 சொற்களே கொண்ட அவ்வுரையில் ‘அர்ப்பணித்தல்’ 6 முறையும், ‘நாடு’ 5 முறையும் வருகின்றன. மேகத்தில் இவையே ஓங்கி நிற்கும்.

ஆனால் லிங்கன் கூறியது யாது? இந்நிலத்தை அர்ப்பணிக்க நம்மால் இயலாது. இங்குப் போரிட்டோரே அதனைப் புனிதமாக்கிவிட்டனர். அவர்கள் முடிக்காத பணிக்கு நாமே நம்மை அர்ப்பணிக்க வேண்டும் என்பதே. ‘நாம்’ என்பது 10 முறை ஒலிக்கிறது. எனினும் அதனையும், மறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சிறுசொல்லையும் பொதுச்சொற்கள் என்று கணினி வழக்கமாக நீக்கிவிடும். மறுப்பு மறைந்தால் கருத்தே திரிந்துவிடும் அன்றோ?

மேலும், அப்போருக்கு மூலகாரணமான அடிமைமுறையின் பெயர் அவ்வுரையில் ஓரிடத்திலும் இல்லை. அவ்வாண்டு ஜனவரி முதல் நாளில் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவரும் லிங்கனே! சொல்லப்படாததை எந்த மேகம் காட்டும்?

ஆதலின் அன்பர்களே, தேர்தல் காலத்தில் பிள்ளைகள் இத்தகைய படத்தைக் காட்டினால் கண்டு மகிழுங்கள். பின்னர் அவர்களோடு அமர்ந்து முழு உரையையும் படியுங்கள். தலைவர் எதை அடிக்கடி சொன்னார் என்பதைப் படம் காட்டும்; எதை மறுத்தார், எதைச் சொல்லாது விட்டார் என்பதை உரையே காட்டும்.