நகரசபைக் கூட்டத்தின் வழக்கமான அலுவல்கள்

மக்களாட்சி என்னுஞ் சொல்லைக் கேட்டவளவிலே பாராளுமன்றமும் அங்கு நிகழும் பெருஞ் சொற்போர்களுமே பலருடைய உள்ளத்திற் தோன்றுவன. ஆயினும், ஒருவன் தன் வீட்டு வாயிலைக் கடந்து தெருவில் அடிவைத்ததும் அவனை எதிர்ப்படும் பொருள்களிற் பெரும்பாலானவை உள்ளூராட்சிக்கு உரியவை. குப்பை அகற்றல், சந்தை, பூங்கா, நூலகம், அயலவன் எழுப்பும் மாடிக்கு அனுமதி வழங்கல் என்னும் இவையெல்லாம் அருகிலுள்ள சபை மண்டபம் ஒன்றிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. அம்மண்டபத்திற் கூடுங் கூட்டமோ சுவையற்றதென்று கருதப்படுகின்றது. பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். “சென்ற கூட்ட அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது”, “பிரேரணை நிறைவேறியது” என்னும் வாய்பாடுகள் மாதந்தோறும் ஒரே குரலில் ஒலிக்கும். எனினும், அவ்வாய்பாடுகள் எழுந்த வரலாற்றை ஆராயுங்கால், அவை ஒவ்வொன்றும் பொதுப்பணத்தையும் பொதுவுரிமையையுங் காத்தற்கு மக்கள் நெடுங்காலம் முயன்று பெற்ற காவல் என்பது புலனாகும். இதனை விளக்குதற்கு இங்கிலாந்தின் ‘பரோ’ எனப்படும் நகரசபைகள் தக்க எடுத்துக்காட்டாகும்.

‘பரோ’ என்பது அரண்சூழ்ந்த இடத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. இடைக்காலத்தில் அரசன் வழங்கிய பட்டயத்தினாலே தனியுரிமை பெற்ற நகரங்கள் இப்பெயரைப் பூண்டன. காலஞ்செல்லச்செல்ல, அந்நகரங்கள் பலவற்றின் ஆட்சி ஒரு சிறு குழுவினர் கைப்பட்டது. அங்கத்தவர் ஒருவர் இறந்தால் எஞ்சியோரே அடுத்தவரைத் தெரிந்துகொண்டனர். நகரின் நிலமும் பணமும் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை நகரமக்கள் அறியும் வழி இருக்கவில்லை. 1833ஆம் ஆண்டில் நியமிக்கப்பெற்ற அரச ஆணைக்குழு இக்குறைகளை வெளிப்படுத்தியது. அதன் பயனாக 1835ஆம் ஆண்டில் நிறைவேறிய மாநகராட்சிச் சட்டம், 178 நகரங்களில் வரியிறுப்பாளர் தெரிவுசெய்யும் சபைகளை அமைத்தது. கூட்டத்துக்கு முன்னறிவித்தல் கொடுத்தல், நடவடிக்கைகளைப் புத்தகத்திற் பதிந்து ஒப்பமிடல், கணக்குகளைக் கணக்காய்வுக்கு உட்படுத்தல் என்பனவற்றையும் அச்சட்டம் கட்டாயமாக்கியது. பின்னர், 1965ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர்ப் பகுதியில் 32 பரோக்கள் அமைந்தன. 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் 1974 ஏப்பிரல் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோது ஏனைய பழைய பரோக்கள் கலைந்தன. புதிய மாவட்டங்கள் பல பட்டயம் பெற்று அப்பெயரைத் தொடர்ந்து தாங்கின. கூட்ட நடைமுறையின் அடிப்படை விதிகள் இந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அடங்கியுள்ளன.

கூட்டத்தின் முதல் அலுவல் அது கூடுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. கூட்டத்துக்கு முழுமையாக ஐந்து நாள் முன்னர் நிகழ்ச்சிநிரல் வெளியிடப்படல் வேண்டும். வெளியிடும் நாளும் கூடும் நாளும் அக்கணக்கிற் சேரா. நிரலிற் குறிக்கப்படாத விடயத்தைச் சபை கையாளல் ஆகாது. அவசரமான விடயமாயின் தவிசாளர் அதனை அனுமதிக்கலாம். ஆயின் அவசரத்துக்குரிய காரணத்தைக் கூட்ட அறிக்கையிற் பதிதல் வேண்டும். இவ்விதி இல்லையாயின் விளைவது யாது? எதிர்க்கருத்துடையோர் வாராத நாள் பார்த்து, பொதுநிலம் ஒன்றை விற்பதற்கு ஒரு சிலர் தீர்மானம் இயற்றிவிடலாம். தன் வீட்டருகே வரவிருக்குந் தொழிற்சாலையைப் பற்றி அயலவன் அறியுமுன்னரே அனுமதி வழங்கப்பட்டுவிடலாம். ஆகவே நிகழ்ச்சிநிரல் சபையினர்க்கு நினைவூட்டுங் குறிப்பாக அமைவதோடு, நகரமக்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையாகவும் அமைகின்றது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் மேயர். பெரும்பாலான பரோக்களில் இவர் ஆட்சியை நடத்துந் தலைவரல்லர். ஆண்டுதோறுஞ் சபையினராலே தெரிவுசெய்யப்படுந் தவிசாளரே ஆவர். ஆண்டுக் கூட்டத்தின் முதல் அலுவல் இத்தெரிவேயாம். சில சபைகளிற் கூட்டம் வழிபாட்டுடன் தொடங்கும். இதனை முறையான அலுவலிற் சேர்ப்பதற்குச் சபைகளுக்கு அதிகாரமில்லையென 2012ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றந் தீர்த்தது. 2015ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் அவ்வதிகாரத்தை வழங்கியது. வழிபடுவதோ தவிர்ப்பதோ அவ்வச்சபையின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அடுத்து, வாராதோர் தெரிவித்த காரணங்கள் வாசிக்கப்படும். இது வெறும் மரியாதை போலத் தோன்றும். ஆனால், ஆறு மாதந் தொடர்ச்சியாக எக்கூட்டத்துக்குஞ் சமுகமளியாத அங்கத்தவர், அக்காலம் முடியுமுன் சபை அதற்குரிய காரணத்தை ஏற்றுக்கொண்டாலன்றி, தம் பதவியை இழப்பர். சபையின் மொத்தத் தொகையில் நாலிலொரு பங்கினராவது இருந்தாலன்றிக் கூட்டம் நடைபெறாது. 48 பேர் கொண்ட சபையில் 12 பேர் வேண்டும். மக்கள் வாக்களித்தது அங்கத்தவர் வந்திருந்து கருமமாற்றுதற்கே என்பதை இவ்விரு விதிகளும் நினைவுறுத்துகின்றன.

அதன்பின் சென்ற கூட்ட அறிக்கை எடுத்துக்கொள்ளப்படும். அது சரியாகப் பதியப்பட்டுள்ளதா என்பதே இங்குள்ள வினா. சென்ற கூட்டத்தின் தீர்மானம் நன்றா தீதா என்பதை இவ்விடத்தில் மீண்டும் வாதித்தல் ஆகாது. பிழையிருப்பின் திருத்தித் தவிசாளர் ஒப்பமிடுவார். அவ்வாறு ஒப்பமிட்ட அறிக்கை, வேறு சான்றின்றியே நீதிமன்றத்தில் ஆதாரமாக ஏற்கப்படும். சபை ஓர் ஒப்பந்தத்தை ஏற்றதா மறுத்ததா என்று பத்தாண்டுகளின் பின் வழக்கு எழுந்தால், அந்நேரத்திற் பேசுவது அங்கத்தவர்களின் நினைவன்று, அச்சிறு ஒப்பமேயாகும்.

அங்கத்தவர் தம் நலன்களை வெளிப்படுத்தல் அடுத்த அலுவலாகும். விவாதிக்கப்படும் விடயத்தில் ஓர் அங்கத்தவருக்கோ அவர்தம் வாழ்க்கைத்துணைக்கோ பணநலன் உண்டாயின், அவர் அதனை வெளிப்படையாகச் சொல்லி, விவாதத்திலும் வாக்களிப்பிலும் பங்குகொள்ளாதிருத்தல் வேண்டும். தக்க காரணமின்றி இதனை மறைத்தல் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். நீதிமன்றம் அபராதம் விதிப்பதோடு, ஐந்தாண்டு வரையில் அவரைப் பதவிக்குத் தகுதியற்றவராக்கவும் இயலும். சிறிய ஊர்களில் ஒவ்வொருவரும் மற்றவரோடு ஏதேனுமொரு தொடர்புடையவரே. அத்தொடர்பு பழியாகாது. அது மறைந்திருந்து தீர்ப்பை வளைப்பதே தீங்கு. பெரும்பாலான கூட்டங்களில் இவ்வலுவல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிட மௌனமும் அங்கத்தவர் ஒவ்வொருவரிடமிருந்தும் பெறப்படும் உறுதிமொழி போன்றது.

பார்வையாளர் இருக்கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்சிலுள்ள தென்பி என்னும் பரோவின் சபை, பத்திரிகையாளர் ஒருவரைக் கூட்டத்துக்கு வாராது தடுக்க முற்பட்டது. கூட்டத்திற் சமுகமளிக்கும் உரிமை பொதுமக்களுக்கோ பத்திரிகைக்கோ இல்லையென 1908ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றந் தீர்த்தது. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் பத்திரிகையாளர்க்கு அவ்வுரிமையைச் சட்டத்தால் வழங்கியது. பொதுமக்கள் அதனைப் பெறுதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1960ஆம் ஆண்டில், பாராளுமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த மார்கரட் தச்சர் தம் கன்னியுரையிலேயே இதற்கான மசோதாவை முன்வைத்தார். அது அவ்வாண்டிற் சட்டமாயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டம் குழுக்களின் கூட்டங்களையும், 1985ஆம் ஆண்டுச் சட்டம் அறிக்கைகளையும் பின்னணிப் பத்திரங்களையும் மக்களுக்குத் திறந்துவைத்தன. 2014ஆம் ஆண்டு தொடக்கம் கூட்டத்தைப் படம்பிடிக்கவும் உரிமையுண்டு. தனியாளின் அந்தரங்கம், நடைபெறும் பேரம் முதலிய சில விடயங்களுக்காகப் பொதுமக்களை வெளியேற்றலாம். ஆயின் அதற்கும் காரணங் காட்டி வெளிப்படையாகத் தீர்மானம் இயற்றல் வேண்டும்.

இனி, பிரேரணைகளின் விவாதம். இதன் ஒழுங்கைச் சபையின் நிலையியற் கட்டளைகள் வகுக்கும். ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் ஆமோதிப்பார். பேச்சுக்குக் கால எல்லை உண்டு. பூங்காவின் வாயிலை இரவு 8 மணிக்குப் பூட்டவேண்டுமென ஒருவர் பிரேரிக்கின்றார் எனக் கொள்வோம். 8 என்பதை 10 எனத் திருத்தவேண்டுமென இன்னொருவர் எழுகின்றார். திருத்தமே முதலில் வாக்குக்கு விடப்படும். அது வெல்லுமாயின், ‘10 மணிக்குப் பூட்டுக’ என்பதே பிரேரணையாகி மறுபடியும் வாக்கெடுப்புக்கு வரும். இவ்வரிசை மாறினால், 10 மணியை விரும்புபவர் முதற் பிரேரணையை ஆதரிப்பதா எதிர்ப்பதா என அறியாது தடுமாறுவர். வாக்குகள் சமமாயின் தவிசாளர் இரண்டாவது வாக்கொன்றை அளிக்கலாம். ஓசை மிகுந்தோர் வெல்லாது, எண்ணிக்கை மிகுந்தோர் வெல்லுதற்கும், தோற்றோரும் தம் சொல் கேட்கப்பட்டதென அமைதியுறுதற்கும் இவ்வொழுங்கு வேண்டப்படுகின்றது.

ஆண்டின் மிக முக்கியமான அலுவல் வரவு செலவுத் திட்டமும் வரி விதிப்புமாகும். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பெரும்பாலான சபைகளில் நாளாந்தத் தீர்மானங்கள் தலைவர் ஒருவரையும் சிறு அமைச்சுக்குழுவையுஞ் சார்ந்தன. ஆயினும் வரவு செலவுத் திட்டத்தை ஏற்கும் அதிகாரம் முழுச் சபைக்கே எஞ்சியது. சபைவரியை இரண்டு மாதமோ அதற்கு மேலோ செலுத்தாதிருக்கும் அங்கத்தவர் இவ்விடயத்தில் வாக்களித்தல் ஆகாது. 2014ஆம் ஆண்டு தொடக்கம், யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பது பெயர்தோறும் பதியப்படுகின்றது.

வரிபற்றிய ஒரு தீர்மானம் எத்துணை வன்மையுடையது என்பதை 1921ஆம் ஆண்டில் இலண்டனின் கிழக்கிலுள்ள பொப்லர் பரோ உலகுக்குக் காட்டியது. வறியோர் நிறைந்த அப்பகுதி தன் வறியோரைத் தானே தாங்கவேண்டியிருந்தது. செல்வம் மிகுந்த பரோக்களோ அப்பாரத்தை அறியா. இவ்வநீதியை எதிர்த்து, ஜோர்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில் அச்சபை, இலண்டன் கவுண்டிச் சபை முதலியவற்றுக்கெனச் சேர்க்கவேண்டிய வரியை விதிக்க மறுத்தது. நீதிமன்றக் கட்டளையை மீறியமைக்காக, ஐந்து பெண்கள் உட்பட முப்பது அங்கத்தவர்கள் சிறைசென்றனர். சிறையிலுஞ் சபை கலையவில்லை. ஹொலோவே சிறையிலிருந்த பெண் அங்கத்தவர்கள் பிறிக்ஸ்ரன் சிறைக்கு அழைத்துவரப்பட, அங்கே சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. ஏறத்தாழ ஆறு வாரத்தின்பின் அவர்கள் விடுதலை பெற்றனர். வறியோர் பராமரிப்பின் செலவை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யுஞ் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. சட்டத்தை மீறியவர்களுங் கூட்ட ஒழுங்கைக் கைவிடாமை சிந்திக்கத்தக்கது. தாம் முப்பது தனியாட்களல்லர், ஒரு நகரின் சபை என்பதை அவர்கள் அவ்வொழுங்கினாலேயே நிலைநாட்டினர்.

ஒழுங்கு வெறும் வடிவமாகத் தேய்ந்தவிடத்து நேர்வதற்கு இலண்டனின் தெற்கிலுள்ள குறொய்டன் பரோ சான்று. அச்சபை தன் சொந்த வீடமைப்புக் கம்பனிக்கு ஏறத்தாழ 20 கோடி பவுண் கடன் கொடுத்திருந்தது. 2020 ஒக்ரோபரில் வெளியான கணக்காய்வாளரின் அறிக்கை, அங்கத்தவர்கள் நிதிநிலை பற்றிப் போதியவாறு வினாவத் தவறினர் எனக் கண்டித்தது. அடுத்த மாதத்திலே, வரவுக்கு மேற் செலவு செல்லும் என்னும் முறையான அறிவித்தலை நிதியதிகாரி விடுத்தார். கூட்டங்கள் நடவாமையினால் அவ்விடர் நேரவில்லை. கூட்டங்கள் நடந்தன, அறிக்கைகளும் வந்தன, கேட்கவேண்டிய வினாக்களே கேட்கப்படவில்லை. இத்தகைய அறிவித்தல் வந்ததும் புதிய செலவு ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டு, 21 நாளுக்குள் முழுச் சபை கூடி ஆராய்தல் வேண்டுமென்பது சட்டம். நோய் முற்றியபின் சட்டம் கொடுக்கும் மருந்தும் கூட்டமே என்பது கருதத்தக்கது.

கூட்டம் என்பதன் பொருளே 2021ஆம் ஆண்டில் ஆராயப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் இணையவழிக் கூட்டங்களுக்கு அளிக்கப்பட்ட அனுமதி அவ்வாண்டு மே 7ஆந் திகதிக்கு மேற் செல்லவில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் ‘கூட்டம்’ ஓரிடத்தில் நேரே கூடுவதையே குறிக்குமென உயர்நீதிமன்றந் தீர்த்தது.

இந்நடைமுறை இலங்கைக்கும் புறம்பானதன்று. கொழும்பும் கண்டியும் 1865ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்கீழ் மாநகரசபைகளைப் பெற்றன. யாழ்ப்பாணம் 1949ஆம் ஆண்டில் மாநகரசபையாயிற்று. 1931ஆம் ஆண்டின் டொனமூர் யாப்பு வகுத்த ஏழு நிருவாகக் குழுக்களுக்கும் இலண்டன் கவுண்டிச் சபையின் குழுமுறையே முன்மாதிரியாயிற்று. பாடசாலை மாணவர் சங்கங்களிலும், ஆலய பரிபாலன சபைகளிலும், சனசமூக நிலையங்களிலும் “சென்ற கூட்ட அறிக்கை” வாசிக்கப்படும்போதெல்லாம் அந்நெடிய மரபே ஒலிக்கின்றது.

மாணவர் சங்கத்தின் செயலாளராய் அறிக்கை எழுதும் இளைஞன் அதனைச் சலிப்போடு எழுதலாம். கேட்போரும் சலிப்போடு கேட்கலாம். ஆயின், முன்னறிவித்தல் கொடாத சங்கம் சிலருக்கே உரியதாகும். அறிக்கை எழுதாத சங்கம் நேற்றுச் சொன்னதை இன்று மறுக்கும். வினாவாத சங்கம் தன் பணத்தை இழக்கும். நகரசபைக்கும் நாட்டுக்கும் இது பொருந்தும். வெறுமையாகக் கிடக்கும் பார்வையாளர் இருக்கைகள் பிறர் போராடிப் பெற்றுத் தந்தவை. அவற்றில் அமர்ந்து செவிமடுத்தலே அவ்வுரிமைக்குச் செய்யுங் கைம்மாறாகும்.