அவசர மருத்துவத்தில் மேற்பயிற்சி: நம் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி



நமது அறவாரியத்தின் கல்வி உதவிக் குழுவில் நான் பணியாற்றுவதால், "மகள் மருத்துவம் படித்து முடித்துவிட்டாள், அடுத்து என்ன செய்யலாம்?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. இருதயம், எலும்பு, குழந்தை நலம் ஆகிய துறைகளை எல்லோரும் அறிவார்கள். அதிகம் பேசப்படாத அவசர மருத்துவத்தைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன்.

அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு மாரடைப்பா, விஷமா, விபத்துக் காயமா என்பது முன்கூட்டியே தெரியாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைச் சிவப்புப் பகுதிக்கும், அடுத்த நிலையில் இருப்பவரை மஞ்சளுக்கும், மற்றவரைப் பச்சைக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற வழக்கம் அங்கே இல்லை. சில நிமிடங்களில் சரியாக முடிவெடுக்கும் இந்த ஆற்றல் தனிப் பயிற்சியால்தான் கைவரும்.

இத்துறைக்கு வயது குறைவு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1970இல் முதல் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1979இல்தான் அந்நாட்டில் இது தனித் துறையாக ஏற்கப்பட்டது. இந்திய மருத்துவ மன்றம் 2009இல் ஏற்றது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டு கிளந்தான், குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. முதல் நிபுணர்கள் 2002இல் வெளிவந்தனர். பின்னர் தேசியப் பல்கலைக்கழகமும் மலாயாப் பல்கலைக்கழகமும் இப்படிப்பைத் தொடங்கின.

பயிற்சி மருத்துவராகப் பணி முடித்து, மருத்துவ அதிகாரியாக அனுபவம் பெற்றவர்களுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, நான்காண்டு முதுநிலைப் படிப்பு. மயக்க மருந்து, தீவிரச் சிகிச்சை, எலும்பு, குழந்தை நலம் எனப் பல பிரிவுகளில் சுழற்சி முறையில் பயில்வதோடு ஆய்வேடும் எழுத வேண்டும். மற்றொன்று, அரசு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே பிரிட்டனின் அவசர மருத்துவ ராயல் கல்லூரி நடத்தும் தேர்வுகளை எழுதுவது. நிபுணரான பின் நச்சியல், பேரிடர் மருத்துவம், தீவிரச் சிகிச்சை, மருத்துவமனைக்கு முந்திய சிகிச்சை போன்ற உட்பிரிவுகளிலும் மேற்பயிற்சி பெறலாம்.

நச்சியலும் பேரிடர் மருத்துவமும் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நம் ஜொகூரே பதில் சொல்லும். 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து மயங்கினர். 2,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. உள்ளரங்கு விளையாட்டரங்கமே சிகிச்சைத் தளமாயிற்று. எந்த நச்சு, யாரை முதலில் கவனிப்பது, உடலில் படிந்த நச்சை எப்படிக் கழுவி அகற்றுவது என்பதை அறிந்தவர்கள் அத்தகைய நாளில் எத்தனை பேர் இருந்தாலும் போதாது. தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் நிறைந்த நம் மாநிலத்துக்கு இத்தகைய நிபுணர்கள் அவசியம்.

அன்பர்களே, நம்மில் பலர் முதல் பட்டத்தோடு உதவி முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணம் பவுண்டில் கட்ட வேண்டியது. ரிங்கிட்டில் சம்பளம் வாங்கி, கல்விக் கடனும் அடைத்து, வீட்டுக்கும் பணம் அனுப்பும் இளம் மருத்துவருக்கு அது பெரும் சுமை. தோட்டப்புறக் குடும்பத்திலிருந்து வந்த பிள்ளை, பணமின்றித் தேர்வைத் தள்ளிப்போட்டே ஆர்வத்தை இழந்துவிடக்கூடும். தேர்வுக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் ஒரு சிறு நிதியை நாம் ஒதுக்கினால், அதன் பலன் இனம், மதம் பாராமல் எல்லோரையும் சென்றடையும்.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் ஆகியோரை வள்ளுவர் கூறுகிறார். அந்த மருத்துவரை உருவாக்கும் புண்ணியம் நம் கையில் இருக்கிறது. தகுதியுள்ள பிள்ளைகள் நம் குழுவை அணுகட்டும். கொடுக்க மனமுள்ளோர் கைகொடுக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.