பை கழன்ற பிறகு

மலக்குடலில் ஒரு பகுதியை இழந்து, பல மாதங்கள் வயிற்றில் மலம் சேரும் பையுடன் காலந்தள்ளி, பிறகு மற்றொரு ரண சிகிச்சையால் குடல் இணைக்கப்பெற்று வீடு திரும்பியவரிடம் உறவினர் கேட்கும் முதற் கேள்வி, பையை எடுத்துவிட்டார்களா என்பதே. எடுத்துவிட்டார்கள் என்ற பதிலோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. விடிந்ததிலிருந்து அவர் எத்தனை தடவை கழிப்பறைக்கு ஓடினார் என்பதை எவரும் கேட்பதில்லை. சங்கோசத்தால் அவரும் சொல்வதில்லை.

தேக்கி வைக்கும் ஏரியாக இருந்த மலக்குடல் சுருங்கிப்போனபின், சிறிதளவு மலம் வந்து சேர்ந்தாலும் உடனே வெளியேற்றியாக வேண்டும் என்ற வேகம் பிறக்கிறது. போய்வந்து உட்காருவதற்குள் மறுபடியும் அதே அழைப்பு. வாயுவா மலமா என்று பிரித்தறியும் சக்திகூடச் சிலருக்கு மங்கிவிடுகிறது. இந்த அவஸ்தையை அளக்க டென்மார்க் மருத்துவர்கள் 2012-ல் வெளியிட்ட ஐந்து கேள்விகளுக்கு மொத்தம் 42 மதிப்பெண். அதில் அடக்கமுடியாத அவசரம் ஒன்றுக்கே 16 வரை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது, நோயாளியின் துக்கம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆகார, பராமரிப்பு நியமங்கள் பெரும்பாலும் எளியவை: குழைந்த சோறு, இட்லி, தயிர், வாழைப்பழம் என்று சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது, காரத்தையும் மொச்சை, முட்டைக்கோஸ் போன்றவற்றையும் சில வாரங்கள் ஒதுக்குவது, புண்படும் சருமத்தைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஈரம் ஒற்றி, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவுவது. சுமார் ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க்குடம் போன்ற பாரத்தைத் தூக்கலாகாது. பை இருந்த இடத்திலேயே குடல் பிதுங்கக்கூடும். ஜுரமும் வயிற்று உப்புசமும் கடும் வலியும் சேர்ந்து வந்தால், இணைப்பில் கசிவு ஏற்பட்டிருக்கலாமாதலால், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இவையனைத்தும் வீட்டுக்குள் சாத்தியம். வாசற்படியைத் தாண்டினால்? சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் பெண்ணும், இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகும் ஆசிரியரும் என்ன செய்வார்கள்? ரயிலிலாவது கழிப்பறை உண்டு. டவுன் பஸ்ஸில் அது ஏது? பஸ் நிலையத்துக் கழிப்பறையோ பூட்டிக் கிடக்கிறது, அல்லது தண்ணீரின்றி நாறுகிறது. ஆகவே பிரயாண தினத்தன்று பட்டினி கிடப்பதையே பலர் உபாயமாகக் கொள்கிறார்கள். உடல் தேறுவதற்காக உண்ணவேண்டிய ஒருவர் ஊர் போய்ச் சேருவதற்காக உண்ணாமலிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! ஓரிரு வருஷத்தில் இந்த உபாதை பலருக்கு ஓரளவு தணியும் என்று வைத்தியர்கள் சொல்வதிலும் உண்மையுண்டு. ஆனால் அந்த ஓரிரு வருஷத்திலும் உத்தியோகத்துக்குப் போயாக வேண்டுமே.

பிரிட்டனில் பொதுக் கழிப்பறைகளைத் திறந்துகொள்ள, தேக அசௌகரியமுள்ளவர்களுக்கென்று ஒரே மாதிரிச் சாவி வழங்கும் ஏற்பாடு 1981-லேயே தொடங்கியது. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணம், இத்தகைய நோயுள்ளவர் கேட்டால் கடை ஊழியரின் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று 2005-ல் சட்டமே செய்தது. நம் ஊரில் சாவிக்கும் சட்டத்துக்கும் காத்திராமலே செய்யத்தக்கது ஒன்றுண்டு: வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரியார் தமிழில் நாலுவரி அத்தாட்சிக் கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்தால், நோயாளி வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் எல்லோர் காதிலும் விழும்படி தம் வியாதியை விவரிக்காமல், அதை எடுத்து நீட்டலாம்.