பழம் தேடும் நீலகிரிக் காட்டுப்புறா

கொச்சி வைட்டிலாவில் பஸ் ஏறி, கோதமங்கலம், அடிமாலி தாண்டினால் மூணாறு. சுமார் 130 கிலோமீட்டர். கொச்சியின் மாடிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் மாடப்புறாவின் நெருங்கிய உறவு ஒன்று அந்த மலைகளில் இருக்கிறது. நீலகிரிக் காட்டுப்புறா. மாடப்புறா மனிதரோடு ஒட்டிக்கொண்டது. இதுவோ சோலைக்காட்டின் உச்சிக் கிளைகளை விட்டு இறங்கத் தயங்குகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நந்தி மலை போன்ற சில குன்றுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. 1832இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதை விவரித்து, பம்பாய் கவர்னராக இருந்த எல்பின்ஸ்டனின் பெயரை அறிவியல் பெயரில் சேர்த்தார்.

மாடப்புறாவைவிடப் பெரிய பறவை. நீளம் 36 முதல் 42 செ.மீ. சாம்பல் தலை, செம்பழுப்பு முதுகு. பின்கழுத்தில் கறுப்பு இறகுகளின் நுனி வெள்ளையாக இருப்பதால், சதுரங்கப் பலகையைப் போர்த்தியது போலிருக்கும். ஆணின் உச்சந்தலை வெளிறியிருக்கும். பெண்ணுக்குச் சற்றுக் கருமை. குரலோ மந்தியின் ஹூங்காரத்தை ஒத்தது. கேட்பவர் குரங்கென்றே நினைத்துவிடுவார்.

இதன் வாழ்க்கை பழங்களைச் சுற்றியே நடக்கிறது. முக்கியமாக, இலவங்கப்பட்டை மரம் சேர்ந்த லாரேசிக் குடும்பத்துப் பழங்கள். நத்தையும் தின்னும், மண் கட்டிகளையும் விழுங்கும். செரிமானத்துக்கோ தாது உப்புக்கோ இருக்கலாம். எல்லா மரமும் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரு சோலையில் பழம் தீர்ந்தால் அடுத்த சோலைக்குப் போய்விடும். நேற்றுப் பார்த்த இடத்தில் இன்று காணாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மார்ச் முதல் ஜூலை வரை கூடு கட்டும் காலம். சுள்ளிகளை லேசாக அடுக்கி, ஒரேயொரு வெள்ளை முட்டை இடும். இழப்பை ஈடுகட்ட அவசரமாகப் பெருகும் இனமல்ல இது. சோலைகள் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் வாட்டிலுக்கும் இடம்விட்டதால், இன்று உலகப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக நிற்கிறது.

மூணாறு போகிறவர்கள் அதிகாலையில் சோலை ஓரம், பழுத்த மரத்தடியில் பேசாமல் நின்று பாருங்கள். தரையில் சிதறிய பழத்தைப் பார்த்துவிட்டு மேலே தேடுங்கள். யூகலிப்டஸும் வாட்டிலும் தொலைவிலிருந்து காடாகத்தான் தெரியும்; ஆனால் இந்தப் புறாவுக்கு அங்கே பழமில்லை. வெவ்வேறு மாதத்தில் பழுக்கும் சோலை மரங்கள் அருகருகே நிலைத்தால்தான் ஆண்டு முழுவதும் அதற்கு இரை கிடைக்கும். காப்பாற்ற வேண்டியது அந்த மரங்களைத்தான்.