கருவிப் பெட்டிக்கான பூட்டு

தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் போன்றோர் தம் கருவிகளை வைக்கும் பெட்டிக்குப் பெரும்பாலும் தொங்கு பூட்டே பயன்படுத்தப்படுகிறது. கட்டடம் எழும் இடங்களில் இப்பெட்டி இரவில் காவலின்றிக் கிடப்பதுண்டு. துளையிடும் இயந்திரமும் இழைப்புளியும் களவு போனால், அவற்றின் விலையோடு மறுநாள் கூலியும் போய்விடும். எனவே பூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் விலையை மட்டும் பார்க்காமல், பெட்டி, நாதாங்கி, பூட்டு ஆகிய மூன்றில் வலுக்குறைந்தது எது என்றும் பார்க்க வேண்டும். திருடர் கைவைப்பது அங்கேதான்.

பெட்டியும் நாதாங்கியும்

நாதாங்கியும் கீலும் வெளியே தெரியும் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தால், பூட்டைத் தொடாமலேயே திருப்புளியால் அவற்றைக் கழற்றிவிடலாம். உருண்டைத் தலை கொண்ட போல்ட்டுகளை வெளியிலிருந்து செருகி, நட்டுகளைப் பெட்டியின் உட்புறம் முடுக்குவது நல்லது. தூக்கிச் செல்லக்கூடிய சிறிய பெட்டியைச் சங்கிலியால் தூணுடன் பிணைக்க வேண்டும். இல்லையெனில் பெட்டியே போய்விடும்.

வளைவுக் கம்பி

பூட்டின் மேலுள்ள, தலைகீழ் ‘ப’ வடிவக் கம்பியே எளிதில் வெட்டப்படும் பகுதி. கம்பியின் விட்டம் 5 மி.மீ. என்பதிலிருந்து 10 மி.மீ. ஆனால், குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகிறது. சாதாரண இரும்பைவிடக் கடினமாக்கப்பட்ட எஃகை வெட்டுவது கடினம். கம்பிக்கும் பூட்டின் உடலுக்கும் இடையே இடைவெளி மிகுந்தால் கடப்பாரையை நுழைத்து நெம்ப முடியும். ஆகவே நாதாங்கியின் துளையில் கம்பி நெருக்கமாகப் பொருந்த வேண்டும். கடைக்குச் செல்லுமுன் துளையின் விட்டத்தை அளந்துகொள்வது நன்று.

உட்பொறி

நெம்புத்தகடு வகைப் பூட்டில், சாவி ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். தகடுகள் மிகுந்தால் வேறு சாவியால் திறப்பது கடினமாகும். பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லின் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

சாவியின்றி அழுத்தியே பூட்டக்கூடிய மலிவான பூட்டுகள் சிலவற்றை மெல்லிய தகட்டைச் செருகித் திறந்துவிடலாம். கம்பியின் இரு முனைகளையும் எஃகுக் குண்டுகள் பற்றிக்கொள்ளும் வகை இதைத் தடுக்கும். எண் பூட்டில் மூன்று சக்கரங்கள் இருந்தால் 1,000 சேர்க்கைகளும், நான்கு இருந்தால் 10,000 சேர்க்கைகளும் கிடைக்கும்.

தரக்குறியீடு

ஐரோப்பாவின் இஎன் 12320 தரநிலை, தொங்கு பூட்டுகளை 1 முதல் 6 வரை வகைப்படுத்துகிறது. எண் உயர உயரப் பாதுகாப்பும் உயரும்.

பராமரிப்பு

பித்தளை உடல் எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் எஃகைவிட மென்மையானது. சாவித் துவாரத்தில் சமையல் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இறுகும். கிராபைட்டுத் தூள் இடுவது ஏற்றது. மாற்றுச் சாவியை அதே பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

உடைக்கவே முடியாத பூட்டு என ஒன்றில்லை. நல்ல பூட்டு, திருடருக்கு நேரத்தையும் சத்தத்தையும் கூட்டுகிறது. ஆகவே பெட்டியை ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைத்தால்தான் பூட்டின் முழுப் பயன் கிடைக்கும்.