கடல்மீன் தொட்டியோடு வீடு மாறுகிறீர்களா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து புதுச்சேரி கடற்கரைக்குச் சாலை வழியே 100 கிலோமீட்டருக்கு மேல். கடல்மீன் தொட்டியோடு இந்த ஊருக்குக் குடிவருபவர், ஒரு குட்டிக் கடலையே வண்டியில் ஏற்றி வரவேண்டும்.

மீன்கள் பத்திரமாக வந்துவிடும். ஆனால், இரண்டு மூன்று நாள்களில் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். காரணம், அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் இந்த நஞ்சை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை, தொட்டிப் பாறைகளிலும் ஃபில்டரிலும் வாழும் பாக்டீரியாக்கள். அவை காய்ந்தால் போச்சு!

என்ன செய்யலாம்?

* முதல் நாளே மீன்களுக்கு உணவை நிறுத்துங்கள்.

* பாறைகளைப் பழைய தொட்டி நீரில் மூழ்கவைத்து, மூடியுள்ள வாளிகளில் கொண்டுவாருங்கள். ஃபில்டர் பஞ்சும் ஈரமாகவே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம்.

* அடிமணலில் அழுக்கு தேங்கியிருக்கும். உப்புநீரில் நன்றாக அலசிய பிறகே போடுங்கள்.

* மீன்களைக் கடைசியாகப் பிடியுங்கள். அவற்றின் வாளிக்கு பேட்டரி ஏர் பம்ப் அவசியம்.

* தண்ணீரோடு தொட்டியைத் தூக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விடும்.

* குறையும் நீருக்கு, ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கான கடல் உப்பை முந்தைய நாளே கலந்துவையுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. சமையல் உப்பும் போர் தண்ணீரும் வேண்டவே வேண்டாம்.

* பௌர்ணமியன்று வீடு மாறாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது. வாளியில் மீன் தவிக்கும்.

குடியேறிய பிறகு ஒரு வாரம், தினமும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவைப் பாருங்கள். ஏறினால், உடனே கொஞ்சம் நீரை மாற்றுங்கள். அதுவரை தீனியைக் குறைத்தே போடுங்கள்.