கையால் சுற்றும் மின்சிகிச்சைப் பெட்டி
அமெரிக்கக் காப்புரிமை: 1854

மூடிக்குள் குதிரைலாடக் காந்தம். அதன் முனைகளை ஒட்டிச் சுழலும் இரு கம்பிச் சுருள்கள். கைப்பிடியைச் சுற்றினால், 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலால் சுருளில் மின்சாரம் பிறக்கும். நோயாளி இரு பித்தளைப் பிடிகளைப் பற்றிக்கொள்வார், இன்னொருவர் சுற்றுவார். அக்காலத்தில் செப்புக் கம்பிக்கு மின்காப்பாகப் பட்டு நூலையும் சுற்றினார்கள்.

இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது சரியல்ல. தசை உண்மையிலேயே துடிக்கிறது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1836இலேயே மின்சிகிச்சைக்குத் தனி அறை இருந்தது. எந்தத் தசைக்கு என்ன வேலை என்பதைப் பாரிஸ் மருத்துவர் டுஷேன் மின்சாரத்தைக் கொண்டே ஆராய்ந்து, 1855இல் நூலாக்கினார். கோளாறு விளம்பரத்தில் இருந்தது. ‘நரம்பு நோய்களுக்கு’ என்று பெட்டியிலேயே அச்சிட்டார்கள். அந்தப் பெயருக்குள் எதுதான் அடங்காது? வேகமாகச் சுற்றினால் அதிர்ச்சி கூடும்; அதை அளக்கும் மானி இல்லை. சுற்றுபவரின் கைதான் மருந்தளவு.

குணமானவர்கள் இருந்தார்களே எனலாம். தலைவலியும் நரம்புவலியும் தாமாகவே தணிவதுண்டு. சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடாமல் பெட்டிக்குப் பெருமை சேர்க்க முடியாது. அப்படியானால், குழித்தறியில் குனிந்து நெய்து இடுப்புவலியோடு வருபவருக்கு இன்று பிசியோதெரபியில், தோல் வழியே மின்துடிப்பு தரும் ‘டென்ஸ்’ கருவி வைப்பது ஏன்? அதில் துடிப்பின் அளவையும் வேகத்தையும் குறித்து வைக்கலாம். தொடு உணர்வு போன்ற பிற நரம்புச் செய்திகள் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே தடுக்கலாம் என்று 1965இல் ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த வலிக்கதவுக் கொள்கை அதற்கு ஒரு விளக்கமும் தருகிறது. இருந்தும், நாள்பட்ட முதுகுவலிக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.